தொடாதீங்கக்கா, அது இன்னும் பேசிகினு இருக்குது

என் செல்லத் தம்பி தேவராஜுக்கு,

நீ இருந்திருந்தால் இந்த முதல் வரியைப் பார்த்ததுமே, "இன்னாக்கா, செல்லம்னுலாம் போட்டுகினு? எதுனா காரியம் ஆவணுமா?" என்று கேட்டிருப்பாய். ஆமாம்டா, காரியம்தான். நம் பட்டு நூல் கிடங்கின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'பண்பின் சிகரம், பாசத்தின் இமயம்' என்று ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அதை யார் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மலரைப் படிக்கிறவர்கள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் சேதிகள். ஆரணியில் இந்த வருஷமும் ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். என் பெரியவள் பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டாள். கம்ப்யூட்டர் படித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எல்லாம் உன்னால் வந்த வினை. நம் மேனேஜர் ரிட்டயர் ஆகிவிட்டார். கடைசி நாளன்று மாலையும் கழுத்துமாக மெஷின் அறைக்கு வந்து, சுவரில் இருக்கும் அந்த மெயின் சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உன் நினைவு வந்துவிட்டது.

அந்த சுவிட்சின் கதையை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் உனக்கு நான் பட்டிருக்கும் கடன் என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இதே கிடங்கில் வேலையில் இருந்தபோது இறந்தார். இரண்டு பெண் குழந்தைகளோடு நின்ற எனக்குக் கருணை அடிப்படையில் டைப்பிஸ்ட் வேலை கொடுத்தார்கள். அந்தச் சம்பளம்தான் எங்கள் வீட்டில் எரிந்த அடுப்பு. கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று மீட்டிங்கில் சொன்னார்கள். எழுந்து நின்று, "இந்தப் பொட்டி உள்ள வந்தா நாம வெளிய போவணும்" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டி வந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள் என்று என்னையே அதற்கு ஆபரேட்டராகப் போட்டார்கள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்கு எப்போதும் உள்ளதுதானே.

யூனிக்ஸ் மெஷின். கண்ணாடி அறை, ஏசி, அதற்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்கிற கட்டளை. முதல் வருஷம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மெமரியைக் கூட்டினார்கள், புது பிரிண்டர் ஒன்றைச் சேர்த்தார்கள். அதிலிருந்து பிடித்தது சனி. பட்டுவாடா நாளன்று மட்டும் மெஷின் விழும். நெசவாளர்கள் வந்து கோராப் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கிப்போகும் நாள் அது. மெஷின் சீட்டு அடித்துத் தராமல் ஒரு இழை நூல்கூட கேட்டைத் தாண்டக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. முற்றத்தில் கூட்டம் நிற்கும்.

"இன்னாம்மா சரோஜா, பொட்டி மறுபடியும் படுத்துகிச்சா? நாங்க தறியில குந்தறதா, இல்ல இங்கயே குந்திகினு இருக்கறதா?" என்று ஏழுமலை அண்ணன் ஜன்னல் வழியாகக் கேட்பார். தறியில் பாவு ஓட்டிவைத்துவிட்டு, குறுக்கே போடும் ஊடைக்கு நூல் இல்லாமல் நிற்கிறவர், அவர் கேட்காமல் யார் கேட்பார்கள்?

மெஷின் விழும்போது திரையில் 'பேனிக்' என்று ஒரு வார்த்தை வரும். இங்கிலீஷில் அதற்குப் பதற்றம் என்று அர்த்தம். தான் பதறிவிட்டதாக அது சொன்னதை, எங்களைப் பதறச் சொல்வதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். நன்றாகவே பதறினோம். "ஆஃப் பண்ணு! ஜல்தி ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டே மேனேஜர் ஓடிவந்து மெயின் சுவிட்சை இறக்குவார். அதன் பிறகு பியூன் எலுமிச்சம்பழம் வாங்கப் போவான். கற்பூரம் காட்டி, ராகு காலமாக இருந்தால் அது கழியும்வரை காத்திருந்து, சுவிட்சை ஏற்றுவோம்.

மெஷின் எழுந்ததும் ஒரு கேள்வி கேட்கும். 'டம்ப் இருக்கலாம். சேமிக்கவா?' ஆமாம் என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்'.

நம் கிடங்கில் டம்ப் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். கொல்லைப் பக்கம் கிழிந்த சாக்கு, உடைந்த கட்டை, கழிவு நூல் எல்லாம் கொட்டுகிற மூலை. கூட்டுகிற அம்மா முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அது டம்ப்பு. "டம்ப்பை எவனாவது பீரோல வெச்சிப் பூட்டுவானா? வேணாம்னு அடி" என்றார் மேனேஜர். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு தடவையும் 'என்' அடித்து, என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மெஷினைக் கொடுத்த உங்கள் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து, அதைச் சரிபார்க்க உனக்கு முன்னால் வந்த ஆட்கள் ஆபரேட்டர் தவறு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீதானேம்மா அன்னிக்கு மீட்டிங்ல அப்படிப் பேசினே? பட்டுவாடா அன்னிக்கா பாத்து விழுதே, அது எப்படின்னு மேல கேக்கறாங்க. இன்னொரு தபா விழுந்தா என் கையில ஒண்ணும் இல்ல."

நானே மெஷினைக் கெடுக்கிறேனாம். அங்கே நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அழுது முடித்தேன்.

அடுத்த வாரம் நீ வந்தாய். ஒல்லி உடம்பு, மஞ்சள் பையில் டேப் கேசட்டுகள், கழுத்துப் பட்டன் போட்ட சட்டை. மெட்ராஸ்காரன் ஏதோ இங்கிலீஷில் சாத்தப்போகிறான் என்று தயாராக இருந்தேன். நீ வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, நம்ம பக்கம்தான். "தெள்ளாருங்க. வந்தவாசி பக்கம்" என்றாய். யார் மேல் தப்பு என்று நீ கேட்கவில்லை. "விழும்போது அது இன்னா சொல்லிச்சிக்கா?" என்றுதான் கேட்டாய்.

"அது இன்னா சொல்றது? குப்பை இருக்குது, வேணுமான்னு கேக்கும். நான் வேணாம்பேன்."

நீ தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். "அய்யோ அக்கா. அது குப்பை இல்ல. மரண வாக்குமூலம்."

படிக்கிறவர்களுக்கு நீ சொன்னபடியே சொல்கிறேன். மெஷினுக்குள் எல்லா வேலைக்கும் மேஸ்திரி கெர்னல் என்கிற புரோகிராம். அதுவே நிலைகுலைந்து விழுந்தால் மெஷின் மொத்தமும் நிற்கும். ஆனால் விழுகிற அந்த நேரத்தில், தன் மெமரியில் இருந்ததை அப்படியே டிஸ்க்கில் ஒரு மூலையில் கொட்டிவிட்டுத்தான் விழும். யார் கடைசியாக என்ன வேலை கொடுத்தார்கள், எந்தப் புரோகிராம் எங்கே கை வைத்தது, எல்லாம் அதில் இருக்கும். அதுதான் கிராஷ் டம்ப். கொட்டி முடிப்பதற்குள் கரண்ட்டை நிறுத்தினால் வாக்குமூலம் பாதியில் நின்றுவிடும். எழுந்ததும் வேண்டாம் என்று சொன்னால் அந்த மூலை வேறு வேலைக்குப் போய்விடும். நாங்கள் ஒன்று விடாமல் இரண்டையும் செய்துகொண்டிருந்தோம்.

நீ உள்ளே நோண்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாய். நான் 'ஒய்' அடித்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. மெமரியைக் கூட்டியவர்கள், டிஸ்க்கில் டம்ப்புக்கு ஒதுக்கிய இடத்தைக் கூட்டவில்லை. பெரிய மூட்டையைச் சின்னச் சாக்குக்குள் அடைக்கிற கதை. "செட்டிங்கே தப்பாக் கீதுக்கா. இது எப்ப விழுந்தாலும் வாய் பேசாமதான் விழும்" என்றாய். எனக்கு அந்த மெஷின்மேல் முதன்முறையாகப் பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தாய். டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் டேப்பில் எடுத்துவைத்து, டிஸ்க்கைப் புதிதாகப் பாகம் பிரித்து, டம்ப்புக்கு மெமரியைவிடக் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட்டாய். டம்ப் எங்கே போய் விழவேண்டும் என்று கெர்னலுக்குச் சொல்லி, கெர்னலையே மறுபடி உருவாக்கினாய். மெஷின் எழும்போது வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த டம்ப்பை எடுத்து ஒரு கோப்பாக வைக்கும்படி நாலு வரி எழுதினாய். நான் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு, ஏசி அறையில் வாடை வரும் என்று வெளியே முற்றத்தில் உட்கார்ந்து விரலைச் சப்பினாய்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவலியா தம்பி?"

"அம்மா போயிருப்பாங்க. எனக்கும் சேத்துத்தான் முட்டி போடுவாங்க."

சாயங்காலம் மேனேஜர் வந்து நின்றார். நீ நல்ல பிள்ளை மாதிரி, "சார், இப்ப மெஷினை விழவைக்கப் போறேன்" என்றாய்.

"யோவ்! நல்லா ஓடிகினு இருக்கறத ஏன்யா கொல்றே?"

"விழுந்தா பேசுதான்னு பாக்கணும் சார். விழாமப் பாத்தா எப்படித் தெரியும்?"

விழவைத்தாய். டம்ப்பைக் கொட்டக் கொட்டத் திரையில் புள்ளி புள்ளியாக வந்தது. மெஷினை எழுப்பினோம். கோப்பு எங்கே? காணோம். மேனேஜர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு உயிரே போய்விட்டது. நீ நகத்தைக் கடித்துக்கொண்டு நீ எழுதிய வரிகளையே முறைத்துப் பார்த்தாய். டிஸ்க்கில் கோப்பை வைக்கவேண்டிய அறை திறக்கப்படுவதற்கு முன்னாலேயே சாமானைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லியிருந்தாய். "என் மடத்தனம்தான் சார்" என்று சொல்லிவிட்டு, முதலில் திற, பிறகு வை, பிறகு மற்றது என்று வரிசையை மாற்றினாய். மறுபடி விழவைத்தாய். மேனேஜர் பார்க்கமாட்டேன் என்று திரும்பி நின்றுகொண்டார். இந்தத் தடவை கேள்வி வந்தது, நான் 'ஒய்' அடித்தேன், கோப்பு இருந்தது.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாய். "மறுபடி விழும்க்கா. விழட்டும். புள்ளி வந்துகினு இருக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. அது இன்னும் பேசிகினு இருக்குதுன்னு அர்த்தம்."

விழுந்தது. அடுத்த பட்டுவாடா நாளே, முற்றம் நிறைந்த கூட்டத்தில். மேனேஜர் நீ சொன்னது அத்தனையும் மறந்து பழைய பழக்கத்தில் ஓடிவந்தார். நான் மெயின் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"நகரும்மா!"

"மாட்டேன் சார். அது இன்னும் பேசிகினு இருக்குது."

"உனக்கு வேல போயிடும், தெரியுமா?"

"அது ஏற்கெனவே போய்கினுதான் சார் இருக்குது. எதனால போவுதுன்னாவது தெரிஞ்சிகினு போறேன்."

பியூன் கையில் தட்டோடு நின்றான். கற்பூரம் எரிந்து அணைந்தது. ஜன்னலில் ஏழுமலை அண்ணன், "இன்னா சார் அது, பொம்பளையாண்ட சண்டை போட்டுகினு?" என்றார். புள்ளிகள் வந்துகொண்டே இருந்தன. அவை நின்றதும், இவ்வளவு எழுதினேன் என்று மெஷின் ஒரு கணக்குச் சொன்னது. அதற்குப் பிறகுதான் நகர்ந்தேன். மெஷினை எழுப்பினேன், கேட்டது, 'ஒய்' அடித்தேன்.

மறுநாள் நீ வந்து அந்தக் கோப்பைப் பிரித்து உட்கார்ந்தாய். மத்தியானம் எழுந்து வந்தபோது உன் முகம் சரியில்லை. தப்பு பிரிண்டர் புரோகிராமில். இரண்டு மேஜையிலிருந்து ஒரே நேரத்தில் சீட்டு அனுப்பினால் அது தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் போய் எழுதிவிடுகிறது. பட்டுவாடா நாளில்தான் இரண்டு மேஜையிலும் ஒரே நேரத்தில் சீட்டு போடுவோம். அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தது உங்கள் கம்பெனி.

மேனேஜர் அறையிலிருந்தே மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டாய். நானும் மேனேஜரும் உன் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். "இல்ல சார்... இல்ல சார், ஆபரேட்டர் எரர்னு எழுத முடியாது... டம்ப்ல நம்ம புரோகிராம் பேருதான் சார் இருக்குது... தெரியும் சார்... பரவால்ல சார், ரிப்போர்ட்ட என் கையெழுத்துலயே தரேன்."

போனை வைத்துவிட்டு, "குடிக்கத் தண்ணி இருக்குதாக்கா?" என்றாய். ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்த வருஷம் உனக்கு வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். "அதுக்கு இன்னாக்கா இப்போ? பேஜார் புடிச்ச வேல அது" என்று பேச்சை மாற்றினாய். தம்பி, நீ ஒரு வார்த்தை மாற்றி எழுதியிருந்தால் உனக்குப் பதவி, எனக்குத் தெரு. என் பெரியவள் கையில் இன்றைக்கு இருக்கும் மார்க் ஷீட்டில் உன் பங்கு இருக்கிறது. அந்த நன்றியை உன் முகத்துக்கு நேராக நான் சொல்லவே இல்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால் போதும், புரிந்துகொள்வாய் என்று விட்டுவிட்டேன். புரிந்ததா?

மேனேஜரும் மாறினார். அதன்பிறகு மெஷின் எப்போதாவது நின்றால், "புள்ளி நின்னுச்சாம்மா?" என்று வாசலிலேயே நின்று கேட்பார். கொல்லை மூலைக்கு 'குப்பை' என்று ஒரு பலகை எழுதி மாட்டினார். இனி யாரும் அதை டம்ப்பு என்று சொல்லக்கூடாதாம்.

உனக்கு மூளைக்காய்ச்சல் என்று சேதி வந்ததும் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பேச்சு அதற்குள் போயிருந்தது. உன் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "தேவராஜு, கண்ணத் திறடா" என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். உன் உதடு அசைந்தது. நான் என்னை மறந்து, "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் விலகினார்கள். குனிந்து காதை வைத்துக் கேட்டேன். மூச்சுதான் வந்தது, வார்த்தை வரவில்லை. என்ன சொன்னாய் தம்பி? அம்மாவைப் பார்த்துக்கொள் என்றா? இல்லை, தண்ணீர்தான் கேட்டாயா?

அடக்கம் முடிந்த பிறகு தெள்ளாருக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது அதைத்தான். "நீதானேமா கிட்டக்க குனிஞ்ச? கடைசியா இன்னா சொன்னான் எம்புள்ள?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. "காதுல விழலமா" என்றேன். அவர் அழவில்லை, என் கையை விடவும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையை, கருவாட்டுக் குழம்பை, நீ விழவைத்த மெஷினை, மேனேஜர் அறையில் நீ பேசிய டிரங்க் காலை. அம்மாவுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பிரமோஷன் ஏன் வரவில்லை என்பதுகூடத் தெரியாது. நீ சரியாக வேலை செய்யவில்லையோ என்று இத்தனை நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாராம். "அப்ப எம்புள்ள மேல தப்பு இல்லியாமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.

இப்போது மாதம் தவறாமல் போகிறேன். அம்மா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். முடித்ததும் அவர் முறை. நீ ஞாயிறு பள்ளியில் வசனம் மறந்து திருதிருவென்று விழித்தது, கிணற்றில் செருப்பைப் போட்டது, முதல் சம்பளத்தில் வாங்கிவந்த புடவையை அவர் இன்னும் கட்டாமல் வைத்திருப்பது. சொன்னதையே சொல்கிறார். போன தடவை உன் சின்னம்மா குறுக்கே வந்து, "போதும் வுடுக்கா, அந்தப் பொண்ணு பஸ்ஸு புடிக்க வாணாமா?" என்று அம்மாவின் தோளைத் தொட்டார்.

நான் சின்னம்மாவின் கையைப் பிடித்து விலக்கினேன். "தொடாதீங்கமா. அவங்க இன்னும் பேசிகினு இருக்காங்க" என்றேன்.

இதுதான் தம்பி நான் உனக்குத் தரும் வாக்கு. உன் அம்மா பேசி முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். எத்தனை பஸ் போனாலும் போகட்டும். உன்னிடமிருந்து என்னால் வாங்கிவைக்க முடியாமல் போனதை, அவரிடமிருந்து ஒரு வார்த்தை விடாமல் வாங்கிவைத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு தெள்ளார் பஸ் ஏறப்போகும்,
உன் கூடப் பிறக்காத அக்கா,
சரோஜா